குடுமி வளர்கிற வரை

பஞ்சாபகேசன் அன்றைக்கு ஒரு முடிவோடு சாப்பிட உட்கார்ந்தார். இனி இந்த வீட்டில் தான் வைத்ததுதான் சட்டம் என்பது முடிவு. வருஷத்துக்கு நாலைந்து தடவை இதே முடிவை எடுப்பது அவருக்குப் பழக்கம். சாதாரணமாக ரசம் வருவதற்குள் அது கரைந்து போய்விடும். இந்தத் தடவை மோர் வரைக்கும் நின்றது. அதுதான் லலிதாம்பாளுக்குப் பயமாக இருந்தது.

"ஆடி பிறந்த மறுநாள் விஜயத்துக்கு அந்தக் காரியத்தை முடிச்சுடறது. பிச்சுமணி ஐயரும் வரார்" என்றார் இலையைப் பார்த்தபடி.

"எந்தக் காரியம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"தெரியும். உங்க வாயால ஒருதரம் சொல்லுங்கோ. கேக்கறேன்."

அவர் மோர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுக்களைக்குப் பின்னாலிருந்த இருட்டறையில் அவர் தங்கை விஜயம் இருந்தாள். பத்தொன்பது வயசு. போன ஆடியில் கல்லிடைக்குறிச்சியில் அவள் புருஷனை விஷஜுரம் கொண்டுபோயிற்று. அவளும் அதே ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள். தலையை மழித்துத் தண்ணீர் விட்டால் பிழைக்க மாட்டாள் என்று வைத்தியர் சொன்னதால், பத்தாம் நாள் நடக்க வேண்டியது அப்போது நடக்கவில்லை. அண்ணா போய்த் திருவனந்தபுரத்துக்கு அழைத்து வந்துவிட்டார். ஜுரம் போயிற்று. முடி மட்டும் தலையில் நின்றுவிட்டது.

இப்போது வருஷத் திதி வருகிறது. செத்துப்போனவனின் அண்ணன் பிச்சுமணி ஐயர் ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார். 'அவள் தலையில் முடி இருக்கிறவரை எங்காத்துச் சிராத்தத்துக்கு ஒரு பிராமணனும் உட்காரமாட்டான். திதிக்கு முன்னால் முடியை எடுத்தாக வேண்டும். உம்மால் முடியாவிட்டால் உம்ம ஆத்து வாசலையும் யாரும் மிதிக்காமல் பண்ணிவிடுவேன்.'

பஞ்சாபகேசனுக்குத் தங்கைமேல் பிரியம் இல்லையா? உயிர். கைக்குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவர். ஆனால் பிச்சுமணி ஐயர்மேல் பயம். இரண்டையும் தராசில் வைத்தால் பயம்தான் கனத்தது. என்ன செய்வது, மனுஷன் அப்படி.

இந்தப் பஞ்சாபகேசன் சர்க்கார் கச்சேரியில் தேதி மாற்றுகிற குமஸ்தா. மதராஸிலிருந்து வரும் காகிதங்களில் இங்கிலீஷ் தேதி இருக்கும். அதற்குப் பக்கத்தில் கொல்லம் ஆண்டுத் தேதியை எழுதுவார். இங்கிருந்து போகிற காகிதத்தில் அதையே திருப்பிப் பண்ணுவார். வீட்டுக்கு வந்தால் தமிழ்த் தேதி. ஒரே நாளுக்கு மூன்று பேர் வைத்து அழைக்கத் தெரிந்தவர் என்று வலியசாலை அக்ரஹாரத்தில் அவருக்கு ஒரு மரியாதை. அந்த மரியாதையே வியாதியாகிவிட்டது. எந்தத் தேசத்தில் எது ஏன் மாறுகிறது என்று யார் கிடைத்தாலும் பிடித்து உட்கார வைத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். இங்கே ஏன் சர்க்காருக்குச் சொந்தமாக ஒரு அஞ்சல், வெள்ளைக்காரனுக்கு ஒரு தபால்? இங்கே காசுக்கு ஏன் சக்கரம் என்று பேர், அங்கே ஏன் அணா? கேட்டால் தப்பிக்க முடியாது. கேட்காவிட்டாலும் முடியாது.

எல்லாப் பிரசங்கமும் ஒரே இடத்தில் போய் முடியும். "எல்லை தாண்டினா வழக்கம் மாறும். எந்த மண்ணுல நிக்கறோமோ அந்த மண்ணு வழக்கம். அவ்வளவுதான் விஷயம்."

இந்தத் தத்துவத்தால் வீட்டில் நல்ல லாபம் உண்டு. தீபாவளி வந்தால், "நாம இருக்கறது மலையாள தேசம். இங்கே ஓணம்தான் பெரிசு. தீபாவளிக்குப் புடவையெல்லாம் பாண்டிச்சீமைத் தமிழா வழக்கம்" என்பார். ஓணம் வந்தால், "நாம தமிழாளாக்கும். நமக்கேது ஓணம்?" என்பார். பதினாலு வருஷமாக லலிதாம்பாள் இரண்டு பண்டிகைக்கும் நடுவில், புதுப்புடவை இல்லாத ஒரு தேசத்தில் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. கவனித்துக்கொண்டே இருந்தாள்.

தலை விஷயத்திலும் அவர் தத்துவம் வேலை செய்தது. கச்சேரி ஒரு தனித் தேசம், அங்கே வழக்கம் கிராப்பு என்று சொல்லிக் குடுமியை எடுத்துவிட்டார். எடுத்து ஆறு மாசம் ஆகிறது. வெளியே தலைப்பாகை. கோயிலுக்கும் தலைமேல் ஒரு துண்டு. அக்ரஹாரத்தில் பாதி ஆபீஸ் தலைகள் இப்படித்தான் இருந்தன. யாரும் யார் தலைப்பாகைக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஆடி பிறந்த அன்று சாயங்காலம் ஆரல்வாய்மொழி எல்லைச் சுங்கச் சவுக்கையைத் தாண்டி, மோட்டார் வண்டித் தூசியோடு பிச்சுமணி ஐயர் வந்து இறங்கினார். பின்குடுமி, காதில் கடுக்கன், வாசலிலேயே செருமல். பஞ்சாபகேசன் தலைப்பாகையோடு நமஸ்காரம் பண்ணினார்.

"என்ன ஓய், ஆத்துக்குள்ள தலைப்பாகை?"

"ஜலதோஷம். இந்த ஊர் மழைக்குத் தலை தாங்கலை."

"நாளைக்குக் கார்த்தால நாவிதன் வரானோல்லியோ?"

"சொல்லியாச்சு."

உள்ளே விஜயத்துக்கு எல்லாம் கேட்டது. லலிதாம்பாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். விஜயம் கேட்டாள்: "வலிக்குமா மன்னி?"

லலிதாம்பாள், "தூங்கு. நாளைக்கு ஒண்ணும் நடக்காது" என்றாள்.

மறுநாள் காலை நாவிதன் பூதலிங்கம் வரவில்லை. சாலைத் தெருவுக்கு ஆள் போனது. பூதலிங்கமே பெட்டியில்லாமல், வெறுங்கையோடு வந்து வாசலில் நின்றான்.

"இன்னைக்குக் கர்க்கடகம் ஒண்ணாந்தேதியாக்கும் சாமி. மாசம் பொறந்த அன்னைக்குக் கத்தி எடுக்கப்படாது. நாளைக்கு வாறேன்."

"மாசம் நேத்திக்கே பொறந்தாச்சேடா!" என்றார் பிச்சுமணி ஐயர்.

"அது பாண்டியில. இங்க இன்னைக்குத்தான்."

அவன் போய்விட்டான். பிச்சுமணி ஐயர் திரும்பி, தேதி மாற்றியே வயிறு வளர்க்கிற மனுஷனைப் பார்த்தார். பஞ்சாபகேசனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் சொல்கிற கணக்கு, சொந்த வீட்டில் தப்பிவிட்டது. 'ஆடி பிறந்த மறுநாள்தானே? அதுதான் நல்ல நாள், அப்படியே வச்சுக்கோங்கோ' என்று லலிதாம்பாள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"இது என்ன ஊர் ஓய்! ஒரு நாளுக்கு ரெண்டு தேதியா?"

இந்தக் கேள்வி போதும் பஞ்சாபகேசனுக்கு. வெட்கம் பறந்துவிட்டது. கூடத்து ஊஞ்சலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சொல்றேன், கேளுங்கோ. சங்கராந்தி அஸ்தமனத்துக்குள்ள வந்துடுத்துன்னா தமிழாளுக்கு அன்னிக்கே மாசம் பொறந்துடும். மலையாளத்துல அப்படியில்லை. உச்சி தாண்டிக் கொஞ்ச நேரத்துக்கு மேல வந்தா மறுநாளைக்குத் தள்ளிடுவா. சூரியன் ஒண்ணுதான். கணக்கு ரெண்டு."

"எது சரி?"

"ரெண்டும் சரி! மோட்டார் பாத்தேளே, எந்தப் பக்கம் ஓட்டறான்? இடப்பக்கம். பிரெஞ்சுக்காரன் தேசத்துல வலப்பக்கம். ஏன்? இங்கிலீஷ்காரன் அந்தக் காலத்துல குதிரைமேல போனவன். வாள் வலது கையில. எதிரே வரவன் வலது பக்கமா வந்தாத்தானே வெட்டத் தோது? அதனால இடப்பக்கம் ஒதுங்கிப் போனான். பிரெஞ்சுக்காரன் பார வண்டிக்காரன். இடது குதிரைமேல உக்காந்து வலது கையால சவுக்கு வீசுவான். சக்கரம் இடிக்காம பாத்துக்கணுமே, வலப்பக்கம் போனான். வாளும் போச்சு, சவுக்கும் போச்சு. வழக்கம் மட்டும் நிக்கறது. எந்த மண்ணுல நிக்கறோமோ அந்த மண்ணு வழக்கம்!"

அடுக்களைக் கதவுக்குப் பின்னாலிருந்து லலிதாம்பாளின் குரல் வந்தது. சம்பந்தி மனுஷரிடம் நேரே பேசுகிற வழக்கமில்லை. ஆகவே புருஷனைக் கேட்டாள்.

"ஏன்னா, எனக்கு ஒரு சந்தேகம்."

"கேளு, கேளு." இன்னொரு காது கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

"நிக்கற மண்ணு வழக்கம்தானே எப்பவும்?"

"எப்பவும்."

"அப்போ இங்கே நம்பூதிரியாத்துல, புருஷன் போனாலும் அந்தர்ஜனம்னு சொல்ற அவாத்துப் பொம்மனாட்டிகளுக்குத் தலை மழிக்கறதில்லையாமே?"

ஊஞ்சல் நின்றது. இத்தனை வருஷப் பிரசங்கத்தில் இந்தச் சந்து எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று? ஒரு நிமிஷம் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிச்சுமணி ஐயர் செருமினார். சந்தோஷம் ஓடிவிட்டது.

"அது மலையாளத்தான் வழக்கம்" என்றார் பிச்சுமணி ஐயர். "நாம எங்கே போனாலும் கல்லிடைக்குறிச்சி நம்ம கூடவே வரும். என்ன ஓய்?"

"வாஸ்தவம்" என்றார் பஞ்சாபகேசன்.

"மண்ணாவது, மட்டையாவது. பொறந்த குலத்து வழக்கம்தான் வழக்கம்."

"சத்யமான வார்த்தை."

"அப்போ இந்த ஆத்துக்குள்ள கல்லிடைக்குறிச்சி வழக்கம்தான். அப்படித்தானேன்னா?" என்றது கதவு.

"ஆமாம்."

"முழுசுமா, பாதியா?"

"முழுசும்!" என்று பிச்சுமணி ஐயரே பதில் சொன்னார். "ஒரு நூல் பிசகப்படாது."

"சரி. அந்த வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது. குறை வந்தா என்னைச் சொல்லப்படாது. என்னென்ன வேணும், எப்படி எப்படி நடக்கணும்னு பெரியவர் ஒருதரம் சொல்லிட்டா நன்னாயிருக்கும்."

பிச்சுமணி ஐயருக்கு இந்த அடக்கம் பிடித்துப்போய்விட்டது. விரலை மடக்கிச் சொன்னார். பத்தாம் நாள் தவறிப்போனால், அப்புறம் காரியம் பிறந்தாத்துக் கொல்லையில்தான் நடக்கணும். புக்காத்தில் நடத்தினால் அந்தக் குலத்துக்கு ஆகாது. கூடப் பிறந்தவன்தான் முன்னால் நின்று தர்ப்பை பிடிக்கணும். வேறு ஆள் கூடாது. ஸ்நானம் பண்ணி, ஈரத் தலையோடு நிற்கணும்.

"இன்னொண்ணு கேளும். நிக்கறவனுக்குக் குடுமி இருக்கணும். அள்ளி முடிச்சுப் போடற அளவு. குடுமியில்லாதவன் தர்ப்பையைத் தொட்டா, போன ஆத்மாவுக்குக் கரையே கிடைக்காது. எங்க ஊர்ல ஒருத்தன் பட்டணம் போய்க் கிராப்பு வச்சுண்டு வந்தான். அப்பன் சாவுக்கே அவனைச் சேக்கலை. நான்தான் வெளியில நிறுத்தினேன்."

பஞ்சாபகேசனின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போயிற்று. கதவைப் பார்த்தார். கதவு சாத்தியிருந்தது.

அன்றைக்கு அவர் மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் ஜலதோஷம் நிஜமாகவே வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மூன்று தடவை கூடத்துக்கு வந்தார். மூன்று தடவையும், "என்ன ஓய்?" என்ற குரலுக்கு, "ஒண்ணுமில்லை, வெத்தலை வேணுமான்னு" என்று திரும்பினார். கடைசித் தடவை இருட்டறை வாசலில் விஜயம் நின்றிருந்தாள். சின்ன வயசிலிருந்தே அவர் பிரசங்கத்தை விழித்த கண் மூடாமல் கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

"அண்ணா, நீ பேசினதெல்லாம் கேட்டேன். இடப்பக்கம் போறதுக்கு வாள் காரணம். வலப்பக்கம் போறதுக்குச் சவுக்கு காரணம். எனக்குப் பண்ணப் போறேளே, இதுக்கு என்ன காரணம்?"

அவருக்குத் தெரியாத காரணம் உலகத்தில் கிடையாது. அன்றைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. "போய்ப் படுத்துக்கோம்மா" என்றார். சொல்லிவிட்டுத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது அவருக்கு.

மறுநாள் விடிந்ததும் பூதலிங்கம் பெட்டியோடு கொல்லைப்பக்கம் வந்து உட்கார்ந்து, கத்தியைத் தீட்ட ஆரம்பித்தான். அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. கிணற்றடியில் பலகை போட்டு விஜயத்தை உட்கார்த்தி, தலையில் தண்ணீர் விட்டாயிற்று. முடி முதுகு முழுக்க ஈரமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. பல் மட்டும் தந்தியடித்தது.

"எங்கே ஓய் பஞ்சாபகேசன்? ஸ்நானமாச்சா?"

பஞ்சாபகேசன் வந்தார். வேஷ்டி நனைந்திருந்தது. மார்பு நனைந்திருந்தது. தலையில் தலைப்பாகை இருந்தது.

"என்ன வேஷம் ஓய் இது? ஈரத் தலைன்னு சொன்னேனே!"

"ஜலதோஷம்... கழுத்து வரைக்கும் குளிச்சிருக்கேன்."

"கழுத்துக்கு மேல உள்ளதுக்குத்தானேங்காணும் ஸ்நானம்!"

லலிதாம்பாள் ஒரு செம்பு வெந்நீரோடு அடக்கமாக வந்தாள். "ஜலதோஷம்னுதான் சுட வச்சேன். எடுங்கோன்னா. ஒரு நூல் பிசகப்படாதுன்னு பெரியவர் சொல்லியிருக்காரே." சொல்லிக்கொண்டே தலைப்பாகையின் நுனியைப் பிடித்தாள். அவர் ஒரு பக்கம் பிடித்தார். அவள் ஒரு பக்கம் இழுத்தாள். ஆறு முழத் துணி கிணற்றடியெல்லாம் அவிழ்ந்து விழுந்தது.

உள்ளே எண்ணெய் தடவி வகிடெடுத்த அசல் கிராப்பு.

பூதலிங்கம் கத்தி தீட்டுவதை நிறுத்தினான். அவன் வெட்டின கிராப்புதான். நன்றாக வந்திருக்கிறது என்று அவனுக்கே தோன்றியிருக்கும். சட்டென்று பெட்டிக்குள் எதையோ தேட ஆரம்பித்தான்.

பிச்சுமணி ஐயர் போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. "அடப் பாவி! பேரிலே மட்டும் கேசத்தை வச்சுண்டு தலையில என்னடா இது? இந்தக் கையால தர்ப்பை பிடிச்சு என் தம்பியை நரகத்துல தள்ளப் பாத்தியே! வேண்டாம். இவளை நான் கல்லிடைக்குறிச்சிக்கே அழைச்சுண்டு போறேன்."

பலகைமேல் விஜயம் மன்னியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். லலிதாம்பாள் செம்பைக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, புக்காத்துல நடத்தினா அந்தக் குலத்துக்கு ஆகாதுன்னு பெரியவர் நேத்திக்குச் சொன்னதா ஞாபகம். கூடப் பொறந்தவன்தான் நிக்கணும்னும் சொன்னார். உங்களுக்குத்தான் வேற தம்பி, தமையன் கிடையாதே? நான் பொம்மனாட்டி, தப்பாக் கேட்டிருந்தா மன்னிக்கச் சொல்லுங்கோ."

பிச்சுமணி ஐயர் அவளைப் பார்த்தார். அவர் வாயால் வந்த ஒவ்வொரு நூலும் அவர் காலையே சுற்றி நின்றது.

"வளரட்டும்" என்றார் கடைசியில். "இவன் குடுமி வளரட்டும். இந்த வருஷத் திதிக்கு நான் பிராயச்சித்தம் பண்ணிக்கறேன். முடிச்சுப் போடற அளவு வளர்ந்த அன்னிக்கு நான் வந்து நிப்பேன். அதுவரைக்கும் இந்த ஆத்துல பச்சைத் தண்ணி தொடமாட்டேன்."

போகிற வழியில் அக்ரஹாரத்தில் பத்து வீட்டு வாசலிலாவது நின்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். பூதலிங்கம் பெட்டியை மூடிக்கொண்டு போனான். விஜயம் ஈரத் தலையோடு வெகுநேரம் அந்தப் பலகையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அதற்கப்புறம் வலியசாலையில் பஞ்சாபகேசன் வீட்டை யாரும் எதற்கும் அழைக்கவில்லை. புரோகிதர் எதிர்ச்சாரியில் நடந்தார். தலைப்பாகைக்குள் கிராப்பு வைத்திருந்தவர்கள்தான் முகத்தை அதிகமாகத் திருப்பிக்கொண்டார்கள். விஜயத்துக்கும் பெரிதாக ஒன்றும் விடிந்துவிடவில்லை. வெள்ளைப்புடவைதான், இருட்டறைதான், ஒருவேளைச் சாப்பாடுதான். முடி ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் இரவல்.

அந்த ஓணத்துக்கு லலிதாம்பாளுக்கு ஒரு புடவை வந்தது. தீபாவளிக்கும் ஒன்று வந்தது. எந்தத் தேசத்து வழக்கம் என்று யாரும் பேசவில்லை.

ஆனால் பஞ்சாபகேசனுக்கு அவமானம் தாங்கவில்லை. மறுபடியும் ஒரு முடிவெடுத்தார். குடுமி வளர்ப்பது. வளர்த்துக் காட்டினால்தான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியும். அதற்கு மேல் என்ன நடக்கும் என்பதை அவர் நினைக்கவில்லை. நினைக்காமலிருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. முன்பக்கம் சிரைத்து, பின்பக்கத்துக்கு எண்ணெய் தடவினார். லலிதாம்பாள் தடுக்கவில்லை. எண்ணெய்யைக் காய்ச்சிக்கூடக் கொடுத்தாள். அவள் பண்ணின மாறுதல் ஒன்றே ஒன்று. காலைக் காப்பியை விஜயம் கொண்டுவந்து வைத்தாள்.

"கார்த்தால ஆபீஸ் போற நேரத்துல..." என்று பஞ்சாபகேசன் இழுத்தார். புருஷனை இழந்தவள் முகத்தில் விழிப்பதா என்று முழுசாகச் சொல்ல நாக்கு கூசியது.

"எனக்கு இடுப்பு வலின்னா. குனிஞ்சு நிமிர முடியலை" என்றாள் லலிதாம்பாள், அரிசி மூட்டையை நகர்த்திக்கொண்டே.

தினமும் விஜயம் வருவாள். டம்ளரை வைப்பாள். போகும்போது அவள் கண் அண்ணாவின் பிடரிக்குப் போகும். முடி காதைத் தாண்டியபோதும் பார்த்தாள். கழுத்தைத் தொட்டபோதும் பார்த்தாள். ஒன்றும் கேட்கமாட்டாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். பிடரியை மறைக்க வழியில்லை. நாளாக ஆகக் காப்பி கசந்தது. சர்க்கரை இன்னும் போடச் சொன்னார். அப்படியும் கசந்தது.

அடுத்த ஆடி நெருங்கியபோது, ஒரு காலை, அவர் பின்முடியை அள்ளி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரோடு விஜயம் வந்துவிட்டாள்.

"முடிச்சு விழறதா அண்ணா?" என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். டம்ளரை வைக்கும்போதுதான் காப்பி தளும்பிற்று.

பஞ்சாபகேசன் அந்தக் காப்பியைக் குடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே சாலைத் தெருவுக்கு நடந்தார். பூதலிங்கம் முன்னால் உட்கார்ந்து, "எடுடா" என்றார். முடி மடியில் விழ விழ அவர் அழுதார். சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்றார். சோப்பு இன்னும் குழைக்கவே இல்லை.

வீடு திரும்பியபோது தலைப்பாகை இல்லை. அக்ரஹாரம் முழுக்கப் பார்க்கட்டும் என்று வெறுந்தலையோடு நடுத்தெருவில் நடந்து வந்தார். பிறந்ததிலிருந்து அவர் தானாக எடுத்து, தானாக நிறைவேற்றின முதல் முடிவு அது. அடுக்களையில் லலிதாம்பாள் அரிவாள்மணையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"பாத்தியா? எடுத்துட்டேன். இனிமே பிச்சுமணி ஐயர் வந்தாலும் சரி, பிரம்மாவே வந்தாலும் சரி, இந்தத் தலையில குடுமி முளைக்காது. ஒருத்தர் சொல்லிப் பண்ணலை. நானா யோசிச்சு, நானா எடுத்த முடிவு!"

லலிதாம்பாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பின்னே எதுக்குன்னா நான் ஒரு வருஷமா தினம் காப்பியை அவ கையில குடுத்தனுப்பறேன்?"